அழைப்பை நிறுத்தியது நானல்ல

என் கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனது யுத்த நிறுத்தம் இருந்த காலத்தில். கட்டடங்களுக்குப் படம் வரைகிற வேலை. முதல் விடுமுறையில் வந்து நின்றபோது வீட்டுக்கு ஒரு கணினி எடுத்தார். அதைப் பொருத்தித் தந்தவர் அவருடைய தம்பி. அவர் திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு மாடியில் கணினி வகுப்பு நடத்திக்கொண்டு, பழுது பார்க்கும் வேலையும் செய்துவந்தார். பெட்டியின் மூடியைப் போட முதல் என் கணவர் என்னைக் கூப்பிட்டு உள்ளே காட்டினார். சீப்புப் போல இரண்டு பச்சைப் பலகைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"இதுதான் றாம். இதின்ர நினைவு. ஒண்டு காணாதெண்டு ரெண்டு போட்டிருக்கு," என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். கேள்வித்தாள்களை வீட்டிலேயே தட்டச்சுச் செய்யப் பழகினேன். ஆனாலும் அந்தக் கணினியை நாங்கள் வாங்கியது வெள்ளிக்கிழமைகளுக்காக. அங்கே அவருக்கு வெள்ளி லீவு. தங்குமிடத்துக்குப் பக்கத்திலிருந்த இன்ரநெட் கடைக்கு வந்து உட்காருவார். நான் இங்கே தொலைபேசி வயரைக் கணினியில் செருகுவேன். அது கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக இணைப்புக் கிடைக்கும். ஹெட்போனில் ஒரு காது எனக்கு, மற்றது மகளுக்கு. அவளுக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவின் குரல் வந்ததும் எங்கள் ஊர் வீதிகளில் திரிகிற மான்களில் அன்று எத்தனை பார்த்தாள் என்பதிலிருந்து தொடங்குவாள்.

ஒரு மழைக்காலத்தில் கணினி எழும்பவில்லை. மைத்துனர் வந்து பார்த்தார்.

"கடல் காத்து அண்ணி. பவர் சப்ளை போட்டுது. வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பாத்துத் தாறன்."

மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு போனார். ஒரு கிழமைக்கு மேல் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவந்து தந்தார். பொத்தானை அமத்தியதும் எழும்பியது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். நன்றி என்றும் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை, மகள் கதைத்துக்கொண்டிருந்தபோது என் கணவரின் குரல் ஒரே எழுத்தில் இழுபட்டது. திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்துகள் ஓடின. பிறகு அணைந்து தானாகவே எழும்பியது. நான் மீண்டும் இணைப்பு எடுத்து அவரைத் தேடியபோது அவர் எழும்பிப் போயிருந்தார். அடுத்த வெள்ளியும் அப்படித்தான் நடந்தது. அதற்கடுத்த வெள்ளி வணக்கம் சொல்லி முடிக்கவில்லை. கேள்வித்தாள் அடிக்கும்போது அநேகமாக ஒன்றும் ஆகாது. அவருடன் கதைக்கும்போதுதான் விழும்.

மைத்துனர் முதலில் கரண்டைக் குறை சொன்னார். பிறகு வைரஸ் என்றார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தந்தார். என் கேள்வித்தாள்களும், கணவர் அனுப்பியிருந்த படங்களும் அதோடு போயின. இரண்டு வாரத்தில் நீலத் திரை திரும்பி வந்தது. மறுபடி அழித்தார். மூன்றாம் முறை பெட்டியைத் தொடவே இல்லை. கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

"அண்ணி, நீங்கள் என்னத்தையெல்லாம் திறந்து பாக்கிறனீங்கள்?"

மகள் பக்கத்தில் நின்றாள். எனக்கு முகம் சுட்டது. "கேள்வித்தாள் அடிக்கிறன் தம்பி. உங்கட அண்ணாவோட கதைக்கிறன். வேற என்ன?" என்றேன். "இல்லை, சும்மா கேட்டனான்," என்று சிரித்தார்.

அவர் சும்மா கேட்டது கட்டார்வரைக்கும் போயிருந்தது. என் கணவர் என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவார், கோபம் வந்தால் அது "நீ" ஆகும்.

"நான் கதைக்கத் தொடங்கினாத்தான் உனக்குக் கொம்பியூட்டர் நிக்குது, என்ன? தம்பி சொல்லுறான் பெட்டியில ஒரு பிழையும் இல்லையாம்."

"நான் கட் பண்ணேல்லை, இஞ்சருங்கோ. அதுவா நிக்குது."

"அப்பா, அம்மா நிப்பாட்டேல்லை. நீலமா வந்து அதுவா நிண்டது," என்று மகள் தன் பக்கத்துக் காதைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்து வைச்சிருக்கிறாய்," என்றார். அதற்கு நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது திரை நீலமானது. அந்த முறையும் நான்தான் நிறுத்தினேன் என்று அவர் நினைத்திருப்பார்.

அதற்குள் சண்டை திரும்பிவிட்டது. துறைமுகப் பக்கம் ஷெல் விழுந்த நாட்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. வெளிநாட்டு அழைப்பு வீட்டுத் தொலைபேசிக்கும் எடுபடாது. எப்படியோ சில நேரம் இன்ரநெட் மட்டும் கிடைக்கும். அப்படி ஒரு பின்னேரம், நானும் மகளும் குசினி மூலையில் குந்தியிருந்தோம்; சத்தம் ஓய்ந்ததும் ஓடிவந்து கணினியைப் போட்டேன். அவர் அங்கே செய்தி கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். "நாங்கள்" என்று தொடங்கினேன். அவ்வளவுதான். திரும்ப எழுப்பினேன். திரும்பவும் விழுந்தது. மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். மகள் கணினியின் மூடியில் கையால் அடித்தாள்.

அன்று நாங்கள் உயிரோடு இருக்கிற செய்தியை அவருக்குச் சொன்னவர் மைத்துனர். தன் வகுப்புக் கணினியிலிருந்து சொன்னார். அடுத்த முறை என் கணவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "அவனுக்கு ஏலும், உனக்கு ஏன் ஏலாது?"

மைத்துனரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அம்மா அப்பா தம்பலகாமத்தில். அங்கே போகிற வீதி எப்போது பூட்டப்படும் என்று தெரியாது. என் அடையாள அட்டையிலும் தம்பலகாமத்து விலாசம்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒருநாள் சோதனைச் சாவடியில் அந்த வெளியூர் விலாசத்தைப் பிடித்துக்கொண்டு என்னை வெயிலில் நிறுத்திவைத்தார்கள். யாரோ போய்ச் சொல்ல, வகுப்பை விட்டுவிட்டு வந்தவர் அவர். சிங்களத்தில் நிதானமாகக் கதைத்து என்னை வெளியே எடுத்தார். வழியில் ஒரு வார்த்தையும் சொல்லிக் காட்டவில்லை. ஊரடங்குக்கு முதல் பாணும் பால்மாவும் கொண்டுவந்து வாசல் படலையில் தருவார். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறக்க முடியாமல் இருந்ததுதான் கடைசியில் என் வாயைக் கட்டியது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் எடுத்தவர் கிண்ணியாவிலிருந்து படகில் வந்து போகிற ஓர் ஆசிரியை. இடைவேளையில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"கதைக்கும்போது மட்டும் விழுதா? கேள்வித்தாள் அடிக்கும்போது விழுறது குறைவா?" என்று கேட்டார்.

"ஓம்."

"வைரஸ் இல்ல ரீச்சர். மெமரியைப் பாக்கணும்."

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் என்னோடு வீட்டுக்கு வந்தார். திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தார். சேர்ந்திருந்த தூசியை வேட்டித் துண்டால் துடைத்தார். இரண்டு பலகைகளையும் இழுத்தெடுத்து, அவற்றின் பொன்னிறப் பற்களை மகளின் அழிரப்பரால் தேய்த்தார். கடல் காற்றுக்குக் கறை பிடித்தாலும் இப்படி வருமாம். திரும்பச் செருகி, ஒரு சீடியைப் போட்டு நினைவைச் சோதிக்க விட்டார். கொஞ்ச நேரம் எண்கள் அமைதியாக ஓடின. பாதி தாண்டியதும் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. வர வர, திரை அடிவரைக்கும் சிவப்பு.

"ஒரு பலகை நல்லம், மற்றது பழுது. சின்ன வேலைக்கு நல்ல பாதியோட சமாளிச்சிரும். குரல், படம் எண்டு கூடுதலா ஓடும்போது பழுதான பாதிக்குப் போகுது. அங்கதான் விழுது," என்றார்.

ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தார். பழுதானதைக் கையில் தந்தார். அதன் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. வகுப்புச் சாமான் களவு போகாமல் இருக்க மைத்துனர் தன் கணினிகளின் ஒவ்வொரு பாகத்திலும் வைக்கிற அடையாளம் அது. அவருடைய மேசையில் அந்தப் பூச்சுக் குப்பியை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். நாங்கள் வாங்கிய இரண்டிலும் பொட்டு இருந்ததில்லை.

கிண்ணியா ஆசிரியை படகுக்கு நேரமாகிறது என்று புறப்பட்டார். போகும்போது, "இதுல உங்கட பிழை ஒண்டும் இல்ல ரீச்சர்," என்றார். அந்த வீட்டில் யாரும் எனக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை.

சனிக்கிழமை பலகையை ஒரு கடதாசியில் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். சண்டை தொடங்கியபின் பிள்ளைகள் வருவது குறைந்து, பாதிக் கணினிகள் துணியால் மூடிக் கிடந்தன. மைத்துனர் தனியாக இருந்தார். நான் கடதாசியைப் பிரித்து வைத்தேன். பொட்டைப் பார்த்தார். அதை மறுப்பார் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"அண்ணி, அந்த நேரம் இங்க பிள்ளையளுக்குச் சோதனை நடந்தது. ஒரு மெசின் நிண்டுட்டுது. உங்கட வீட்டில ஆர் பெரிசாப் பாவிக்கப் போறீங்கள் எண்டு மாத்திப் போட்டனான். எல்லாம் ஒரே குடும்பத்துச் சாமான்தானே."

"நான் என்னத்தைத் திறந்து பாக்கிறன் எண்டு கேட்டீங்களே தம்பி."

அவர் திரும்பி யன்னல் பக்கம் பார்த்தார். "அதை விடுங்கோ. வேற ஒண்டு எடுத்துத் தாறன்," என்றார். தரவில்லை.

நான் வீட்டுக்கு வந்து சேர முதல் கட்டாருக்குக் கதை போய்விட்டது. நான் யாரோ ஒருவரைக் கூட்டிவந்து பெட்டியைக் கழற்றியதாகவும், அதில் ஒரு றாம் பழுதாகிவிட்டதாகவும். வெள்ளிக்கிழமை நல்ல பலகை ஒன்றோடு மட்டும் கணினியைப் போட்டேன். மெதுவாக எழும்பியது. ஆனால் விழவில்லை. முழுக் கதையையும் முதன்முறையாக ஒரே மூச்சில் அவருக்குச் சொல்ல முடிந்தது. பொட்டைப் பற்றிச் சொன்னேன். தம்பி தன் வாயால் சொன்னதையும் சொன்னேன்.

"சரி, எடுத்துப் போட்டான் எண்டே வைப்பம். ஒரு றாமுக்காக அவனோட பகைக்கிறதே? இந்த நிலைமையில உங்களுக்குப் பக்கத்தில நிக்கிறது அவன் ஒருத்தன்தான். நாளைக்குத் திரும்பவும் செக்பொயின்ரில மறிச்சா ஆர் வருவினம்?"

"றாமுக்காக இல்லை. நீங்கள் என்னை நம்பேல்லை."

"இப்ப என்ன, நான் மன்னிப்புக் கேக்கோணுமா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. நாளைக்கு மறித்தால் யார் வருவார்கள்? நான் மகளிடம் ஹெட்போனைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அந்தக் கணினி ஒருநாளும் எங்கள் அழைப்பை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மகள் கதைத்து முடித்ததும் நானும் கதைத்தேன். மழை பெய்தது, மீன் இல்லை, பள்ளிக்கூடம் பூட்டு. நேரம் மிச்சம் இருக்கும். அங்கே பக்கத்து இருக்கைக்காரர் யாருடனோ சிரிப்பது எனக்குக் கேட்கும்.

கொஞ்ச நாளில் மைத்துனர் வகுப்பைப் பூட்டினார். என் கணவர் ஓடித் திரிந்து விசா எடுத்து அவரையும் கட்டாருக்கு எடுத்தார். யுத்தம் முடிந்தபின் இருவரும் ஊருக்கு வந்தார்கள். மைத்துனருக்குக் கலியாணம் பேசி, பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தம்பி சண்டைக் காலத்தில் எங்களை எப்படிப் பார்த்தார் என்று என் கணவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனார். கணினியின் கதையும் வந்தது.

"இவ ஒருக்கா பெட்டியைக் கழட்டி றாமைப் பழுதாக்கிப்போட்டா. தம்பி பாவம், ஒரு கதையும் கதைக்கேல்லை," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனரும் சிரித்தார், என்னைப் பார்க்காமல். வளர்ந்துவிட்டிருந்த என் மகள் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, சொல்லுங்கோவன்," என்றாள். நான் பெண்ணின் தாயாரிடம் வடைத் தட்டை நீட்டி, "இன்னும் ஒண்டு எடுங்கோ," என்றேன்.