சோடா ஊற்றிய சட்டி

இரண்டு வாரமாக அம்மாவும் மாமாவும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "உன்ர மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார் அம்மா. மாமா பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். "வாறன் எண்டு சொல்லு" என்பார் அவர். எட்டு வயதில் எனக்கு இவ்வளவு பெரிய பதவியை யாரும் தந்ததில்லை. இவர்கள் சமாதானமாகிவிட்டால் என் பாடு என்னாவது என்று உள்ளூரக் கவலைப்பட்டேன்.

கோபத்துக்குக் காரணம் ஜோன் என்ற வெள்ளைக்காரப் பெண். மாமா அம்மாவின் கடைசித் தம்பி. மெல்பேர்னில் ட்ராம் கண்டக்டராக இருந்தார்; அதன் புறநகர் கிளேட்டனில் எங்களோடுதான் குடியிருந்தார். ஜோனும் அதே டிப்போவில் கண்டக்டர். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றார் மாமா. அம்மாவோ யாழ்ப்பாணத்தில் அவருக்குப் பெண் பார்த்து, கலியாணப் பேச்சுக்காலைப் பாதிக்குமேல் முடித்து வைத்திருந்தார். பெற்றோர் இல்லாத மாமாவுக்கு அக்காதான் தாய், தகப்பன் எல்லாம். அக்கா மாட்டேன் என்றால் மாமா மீறமாட்டார், மறக்கவும் மாட்டார்.

அப்பாதான் நடுவில் புகுந்தார். அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றார்.

"வரட்டும். ஆனா நான் சமைக்க மாட்டன்" என்றார் அம்மா.

ஜோனுக்கு லீவு கிடைத்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் குசினிக்குள் மீன், இறைச்சி, முட்டை எதுவும் நுழையாது. போதாக்குறைக்கு அந்த வெள்ளி அம்மாவுக்கு விரதம். மாமா தேநீரைத் தவிர வேறெதையும் வாழ்க்கையில் சமைத்ததில்லை. ஆகவே அவர் துணிந்து ஜோனிடமே, உனக்கு என்ன பிடிக்கும், அதை எப்படிச் செய்வது என்று கேட்டுவிட்டார். பன்றித் தோள் இறைச்சியில் ஒரு துண்டு, வெங்காயம், தக்காளி சோஸ், ஒரு போத்தல் லெமனேட். எல்லாவற்றையும் மெல்ல மெல்ல அவிக்கும் மின்சாரச் சட்டியில் போட்டு மூடிவிட வேண்டும். எங்கள் வீட்டில் நுரைக்கிறதெல்லாம் சோடாதான். சோடாவில் இறைச்சி அவிப்பார்கள் என்று கேட்டபோது, வெள்ளைக்காரர்கள் மேல் எனக்கிருந்த மரியாதை ஒரு படி ஏறியது.

மின்சாரச் சட்டி எங்களிடம் இருந்தது. அதுதான் சிக்கல். அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு தனக்கென்று வாங்கிய முதல் சாமான் அது. செம்மஞ்சள் நிறம், பழுப்புப் பூக்கள், கண்ணாடி மூடி. விடியற்காலையில் பருப்பையும் தண்ணீரையும் போட்டுவிட்டு வேலைக்குப் போவார். வரும்போது பருப்பு மலர்ந்திருக்கும். "இந்த வீட்டில சொன்னதைக் கேக்கிற ஒரே ஆள் இதுதான்" என்று அதைத் துடைத்துத் துடைத்து வைப்பார். அதில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் பட்டதேயில்லை.

அன்று அம்மா வேலைக்குப் போனதும் மாமா சட்டியைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனார். அடுப்பில்லாமல் சமைக்கக்கூடியது அது ஒன்றுதான். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். லெமனேட்டை ஊற்றியதும் இறைச்சியைச் சுற்றி நுரை பொங்கியது. நான் கைதட்டினேன்.

ஜோன் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாளாம்: மாலைவரை மூடியைத் திறக்கக் கூடாது. ஆனால் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்த ஒருவர், அடுப்பிலிருப்பதைக் கிளறாமல், மணக்காமல், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? மாமா உப்புப் பார்க்கத் திறந்தார். பிறகு, உப்புப் போட்டதைப் பார்க்கத் திறந்தார். மத்தியானம் பல்கலைக்கழகத்திலிருந்து சாப்பிட வந்த அப்பா, "என்னடாப்பா, அவியுதோ?" என்று திறந்தார். சோடா இன்னும் நுரைக்கிறதா என்று பார்க்க நான் திறந்ததற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் குப்பென்று ஆவி வெளியே போய்விடும். அந்தச் சட்டியின் மெதுவான சூடு திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது.

அம்மா வந்தார். சட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தார். பின்பக்கம் போனார், பார்த்தார், குளிக்கப் போய்விட்டார். என் வழியாகக்கூட ஒன்றும் சொல்லவில்லை. மாமாவின் முகம் செத்துப்போயிற்று.

ஜோன் நீலச் சட்டை போட்டு, கையில் பூங்கொத்தோடு வந்தாள். இரண்டு முள்ளுக்கரண்டியால் இழுத்தால் இறைச்சி நார்நாராகப் பிரிய வேண்டுமாம். மாமா இழுத்தார். முள்ளுக்கரண்டிதான் வளைந்தது. மூடியைத் திறந்தீர்களா என்று ஜோன் கேட்டாள். நான் கூரையைப் பார்த்தேன், அப்பா சுவரைப் பார்த்தார், மாமா தன் சப்பாத்தைப் பார்த்தார். ஜோன் சிரிக்கத் தொடங்கினாள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பார்.

அம்மா வாசலில் வந்து நின்றார். தலை ஈரமாக இருந்தது, நெற்றியில் திருநீறு.

"குசினிக்குக் கொண்டு வா" என்றார். இரண்டு வாரத்தில் மாமாவிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை அதுதான். "அக்கா, இண்டைக்கு வெள்ளி..." என்று மாமா இழுத்தார். "தெரியும். வீட்டுக்கு வந்த பிள்ளை பசியோட போறதே?"

சாமிப் படங்களுக்கு முன்னால் தொங்கிய திரையை அம்மா இழுத்துவிட்டார். இறைச்சியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, சோடாத் தண்ணீரோடு ஒரு பழைய பானைக்கு மாற்றி, நெருப்பைக் கூட்டினார். பன்றி இறைச்சியை அவர் அதற்கு முன் தொட்டதேயில்லை. வெந்ததும் விரலாலேயே பிய்க்கத் தொடங்கினார். ஜோன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். சூடு பொறுக்காமல் இருவரும் மாறி மாறி விரலை ஊதினார்கள். அம்மா கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டார். விரதக்காரர் உப்புப் பார்க்க முடியாது. ஒரு நாரை எடுத்து ஜோனின் உள்ளங்கையில் வைத்து, "சோல்ட் ஓகே?" என்றார். ஜோன் கண்ணை மூடிச் சுவைத்தாள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, இன்னும் ஒரு கிள்ளு என்று காட்டினாள். அம்மா அவள் சொன்ன அளவே போட்டார். தன் சமையலில் வேறொருவர் உப்புச் சொல்ல அம்மா விட்டதை நான் அதுவரை பார்த்ததில்லை.

பேக்கரிப் பணிசைப் பிளந்து, இறைச்சியை உள்ளே வைத்து எல்லோரும் சாப்பிட்டோம், அம்மாவைத் தவிர. அவ்வளவு ருசியான ஒன்றை நான் பிறகு எங்கும் சாப்பிடவில்லை. அம்மா வாழைப்பழம் தின்று, பாலைக் குடித்துக்கொண்டு ஜோன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோன் புறப்பட்டபோது அம்மா அந்தச் செம்மஞ்சள் சட்டியைக் கொண்டுவந்தார். சுடுதண்ணீரும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, விளிம்புவரை அரிசி நிரப்பி, மேலே ஒரு வெல்லக்கட்டி வைத்திருந்தார். இரண்டு கையாலும் ஜோனிடம் கொடுத்தார். அவள் திகைத்துப்போய் மாமாவைப் பார்த்தாள். மாமா கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மச்சம் பட்டதால் அம்மா சட்டியைத் தலைமுழுகுகிறார், எல்லாம் நாங்கள் செய்த வேலை என்று நினைத்தேன். அதுவும் ஓரளவு உண்மையாக இருக்கலாம். அம்மா எதையும் வீணாக்காதவர். அன்றிரவு படுக்கையில் கேட்டேன்.

"அம்மா, சட்டி எப்ப திரும்பி வரும்?"

"அது வராது பிள்ளை" என்றார் அம்மா, போர்வையை இழுத்து மூடியபடி. "அவ வருவா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ்வளவு நல்ல சட்டியைக் கொடுத்துவிட்டு ஓர் ஆளை வாங்குவது எனக்கு நட்டமாகத்தான் பட்டது.