அரை அடி தாமதம்

அந்தக் காலத்துப் பல படங்களில் கதாநாயகி நடக்கும்போது கேட்ட காலடிச் சத்தம் மீசை வைத்த ஒரு மனிதருடையது. ஒலிக்கூடத்தில் அவர் பெயர் ‘டக்டக்’. திரையைப் பார்த்தபடியே பலகை மேல் நடப்பார். அதைப் பதிவு செய்வார்கள்.

ஒரு பேய்ப்படம் அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டது. கடைசிக் காட்சியில் கதாநாயகி மாடிப்படி இறங்குகிறாள். இவர் ஹீல்ஸ் போட்டு நடந்து முடித்தார்.

“யோவ், அவ வெறுங்கால்ல வர்றாய்யா! கண்ணு எங்க இருக்கு?” என்று டைரக்டர் கத்தினார்.

மறுபடி வெறுங்காலில் நடந்தார். முதலில் நடந்ததை அழிக்கச் சொல்ல மறந்துபோனார். இரண்டும் படத்தில் ஏறிவிட்டன. படம் மூன்றே நாளில் பெட்டிக்குள் போனது. ‘முடிவு ஒரு இழவும் புரியலை’ என்றார்கள். யாரும் இவரைக் குறை சொல்லவில்லை. தானே சொல்லிக்கொண்டு, மச்சானின் மூக்குக் கண்ணாடிக் கடையில் போய் உட்கார்ந்தார். இருபது வருடம் ஓடிவிட்டது.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த மகள், பையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தாள். “அப்பா, உன் பேய்ப்படத்தை ஒரு விடுதியில பார்த்தோம். முடிவைப் பத்தி ரெண்டு நாள் சண்டை!”

“சத்தம் தப்புன்னா?”

“நீ முழுசா பார்த்திருக்கியா?”

இல்லை. அவருக்குக் காட்டியதெல்லாம் நடக்கிற காட்சிகள் மட்டும்தான்.

அன்று மதியமே ஜன்னலை மூடிவிட்டு, அவளுடைய லேப்டாப்பில் பார்த்தார்கள். படத்தில் ஒரு அக்கா செத்துப்போகிறாள். தங்கை அவளுடைய ஹீல்ஸை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறாள். வெறுங்காலோடு படி இறங்குகிறாள்.

பின்னாலேயே ஹீல்ஸ் இறங்கி வருகிறது.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடைசிப் படியில் தங்கை நிற்கிறாள். அரை அடி தாமதமாக, ஒரு ‘டக்’. அன்று ஹீல்ஸின் வார் இறுக்கி அவர் கால் பிசகிய இடம் அது. தங்கை சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள். அத்தோடு படம் முடிந்தது.

“படம் கெட்டுப்போச்சுன்னு யாரும் சொல்லலையா?”

“கெட்டுப்போச்சா? அந்த ஒரு ‘டக்’குக்குத்தான்பா அவ்வளவு சண்டை! சொல்லு, பின்னாடி வர்றது யாரு? அக்காவா?”

‘நான்தாம்மா’ என்று சொல்ல வாயெடுத்தார். திரையில் உறைந்து நின்ற அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியலம்மா. சத்தத்தைக் கூட்டி இன்னொரு தடவை போடு” என்றவர், இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.