விடுதலையான பரபாஸ்

திருகோணமலை இறங்குதுறையடித் தேநீர்க் கடையில் ஒருவர், கழற்ற மறந்த சங்கிலியோடு வடை தின்கிறார். இன்று பெரிய வெள்ளி. எதிரே கோயில் வளவில் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடிக்கிறார்கள். இவர்தான் பரபாஸ். இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிவிட்டு, சனம் விடுவித்த கொலைகாரன். இவருடைய வேலை முடிந்துவிட்டது.

"இண்டைக்கு ஒருசந்தி விரதம் இல்லையோ?" என்று கேட்கிறேன்.

"கொலைகாரனுக்கு என்ன ஒருசந்தி?" பனங்கட்டியைக் கடித்துத் தேநீரை உறிஞ்சுகிறார். "அங்க இயேசுவா அடி வாங்கிறது என்ர மச்சான். மீன் வலைச் சண்டையில போன மாரியிலயிருந்து நாங்கள் கதைக்கிறதில்லை. நல்லா வாங்கட்டும்."

சிலுவை வீதிக்கு வருகிறது. அசல் முதிரை மரம், நல்ல பாரம். மச்சான் நாடகத்தில் இல்லாத இடத்தில் விழுகிறார். முழங்காலில் நிஜ இரத்தம்.

பரபாஸ் மெல்லுவதை நிறுத்துகிறார். மிச்ச வடையை என் கையில் திணித்துவிட்டு, சங்கிலி கலகலக்க ஓடிப்போய்ச் சிலுவையின் பின்நுனியைத் தோளில் தூக்குகிறார்.

பங்குச் சுவாமி ஒலிபெருக்கியில் கத்துகிறார்: "பரபாஸ், உன்னைத்தான் விட்டாச்சே! அங்கால போ!"

"விட்டபடியால்தானே வாறன், சுவாமி!"