மார்பு அளவுக்காகத் தின்ற மாத்திரை

எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். டாக்டரிடம் பேச வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், விக்கிரமங்கலத்து அத்தை தன் மகனைக் கூட்டிக்கொண்டு அரியலூரில் என் அறைக்கு வந்து நின்றாள். மச்சானின் கண்கள் மஞ்சளாக இருந்தன.

மச்சான் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவன். போலீசுக்கு ஆள் எடுத்தபோது மார்பு அளவு கொஞ்சம் குறைந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேர்வுக்காக டவுனில் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தான். அங்கே மாஸ்டர் கொடுத்த ரோஸ் நிற மாத்திரையில் மார்பு மளமளவென்று ஏறியது. முதுகெல்லாம் பருவும் வந்தது.

"காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன் சாமி. உப்பில்லாம மோருஞ்சோறுதான். பத்தியத்துல புள்ள துவண்டுட்டான். அதான் சத்து மாத்திரைய ரெண்டாக்கிட்டேன்" என்றாள் அத்தை.

டானிக், குளுக்கோஸ், மாஸ்டர் மாத்திரை எல்லாமே எங்கள் வீடுகளில் சத்துதான். நோயாளி சோர்ந்தால் சத்தைக் கூட்டுவோம்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் மாத்திரையைப் பார்த்ததும் சத்தம் போட்டார். "இது சத்து இல்லம்மா, ஹார்மோன். காமாலையே இதாலதான். ஈரல் கெடும், இதயத்துக்கும் ஆகாது. இன்னையோட நிறுத்துங்க." பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் இங்கிலீஷில் இன்னொன்றும் சொன்னார்.

"என்னடா சொல்றாரு?"

"தொடர்ந்து தின்னா பேரப்புள்ள பொறக்குறதே கஷ்டமாம் அத்தே."

ஈரலுக்கும் இதயத்துக்கும் அசையாத அத்தை, மடியிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்து டாக்டர் மேசையில் வைத்துவிட்டாள்.

வெளியே வந்ததும் மச்சான் என் கையைப் பிடித்தான். "நிறுத்துனா மாரு எறங்கிடும் மாப்ளே. அடுத்த மாசம் செலக்சன்."

"எறங்கட்டும். ஈரல் போச்சுன்னா எந்த டேப்பு வெச்சு அளப்பே?"

"காலேசுல இதான் சொல்லித் தராங்களா?"

"ஆமா. அதுக்குத்தானே பஸ் புடிச்சு என்னயத் தேடி வந்தே?"

சிரித்துவிட்டான். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

தேர்வு நாளன்று அவன் போகவில்லை. வீட்டில் படுத்திருந்தான். கண் வெளுக்கவே நாளாயிற்று. மார்பும் இறங்கியது. நான் பார்க்கப் போனபோது, தொளதொளத்த அவன் சட்டையைப் பிடித்துத் தைக்க அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"தைக்காத, வுடும்மா" என்று சட்டையைப் பிடுங்கினான் மச்சான். "தண்டால் எடுத்து நானே ரொப்பிக்கிறேன்."