கண்ணை மூடச் சொல்லும் வேலை

புருஷன் பெண்டாட்டி விவகாரத்தைக் கேட்டுப் பிழைக்கிறவளை ஊரே ஒரு மாதிரிப் பார்க்கும் என்பது இந்தத் தொழிலில் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். அடுத்தவர் வீட்டுக் கதையை வெளியே சொல்லவும் முடியாமல் மறக்கவும் முடியாமல் திண்டாடுகிற சகபாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். 1999 முதல் ஒன்பது வருஷம் தேனியில் தம்பதிகளுக்கு ஆலோசனை சொன்னேன். நெருங்க முடியாமல் போனவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, மனசுக்கு நிம்மதியான ஓர் இடத்தைக் கற்பனை செய்ய வைத்து, அந்த இடத்துக்குத் துணையை மெல்ல மெல்ல வரவழைப்பது என் முறை. பயத்தில் இறுகிய உடம்பு அதில் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். படிக்கும்போது சுலபமாகத்தான் தெரிந்தது.

நிம்மதியான இடம்

சின்னமனூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். வாழைத் தோட்டக் குடும்பம், கல்யாணமாகிப் பதினாறு வருஷம், மூன்று பிள்ளைகள். புருஷன் பக்கத்தில் வந்தாலே உடம்பு கட்டையாகிவிடுகிறதாம். "நீங்க நிம்மதியா இருந்த ஒரு இடத்தை நெனைச்சுப் பாருங்கக்கா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். தோட்டமா என்று கேட்டேன். "அங்கன மாமனார் இருப்பாக." அம்மா வீடு? "அங்கன அண்ணன் பொண்டாட்டி." கோயில்? வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

திடீரென்று முகம் தளர்ந்தது, தோள் இறங்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். எங்கே இருக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். மூன்றாவது பிள்ளை பிறந்தபோது படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டில் என்றார். தையல் வலி, கொசுக்கடி, பக்கத்துக் கட்டிலில் பச்சைப்பிள்ளை அழுகை எல்லாம் இருந்ததாம். அங்கே என்ன நிம்மதி என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அந்த ஒரு வாரந்தான் டாக்டரம்மா, என்னைய யாரும் தொடல."

சேலை

பழனிசெட்டிபட்டியில் மோட்டார் கடை வைத்திருந்தவர் மனைவியைக் கூட்டிவந்தார். "கோளாறு இவகிட்டத்தான் மேடம். சரிபண்ணி விடுங்க, நான் வெளிய நிக்கிறேன்" என்றார். விடவில்லை, அவரையும் உட்காரவைத்தேன். கண்ணை மூடச் சொல்லி, "உங்க மனைவி உங்களைப் பாத்து நடந்து வராங்க. அவங்க முகத்துல என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

ஒரு தடவை கண்ணைத் திறந்து பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அப்படியும் முடியவில்லை. "மூஞ்சி வரமாட்டேங்குது மேடம், சேலைதான் வருது" என்றார். அதுவரை வாயே திறக்காமல் இருந்த அந்தம்மா அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்: "என்ன கலரு சேலை?"

மாதா பாடல்கள்

ராயப்பன்பட்டியில் ஒரு வாத்தியார், அவர் மனைவி. ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிய பிறகு நாலு வருஷமாக இரண்டு பேரும் தொட்டுக்கொள்ளவில்லை. பிரியம் நிறைய இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது. என் அறையில் அந்தப் பெண் மேகமலைச் சரிவில் ஓர் ஒற்றையறை வீட்டைக் கற்பனை செய்துகொண்டாள். முதல் வாரம் வாத்தியாரை அந்த வீட்டு வாசல்வரைதான் வரவிட்டாள். ஆறாவது தடவை வந்து போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

வாராவாரம் பஸ் ஏறி வருவது சிரமமாயிற்றே என்று, அந்தப் பயிற்சியை என் குரலிலேயே ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று அட்டையில் 'மாதா பாடல்கள்' என்று எழுதிய புத்திசாலியும் நான்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் தெருப்பெண்கள் ஜெபமாலைக்குக் கூடியிருக்கிறார்கள். பாட்டுப் போடலாம் என்று மாமியார் அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டிருக்கிறார். "இப்ப அவரை உள்ள கூப்பிடுங்க, கதவைச் சாத்துங்க, அவர் கை உங்க கழுத்துல படட்டும்" என்று என் குரல் வீடெல்லாம் கேட்டிருக்கிறது.

மாமியார் கேசட்டை அடுப்பில் போட்டார். வாத்தியார் தெருவில் தலைகாட்ட முடியாமல் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டார். அந்தப் பெண் ஒருநாள் ஒற்றையாக வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "எங்களுக்குன்னு இருந்த ரூம் அது ஒண்ணுதான் மேடம், அதுக்குள்ளயும் ஆளுக வந்துட்டாக" என்றாள்.

டாக்டரின் காபி

என் அறை, காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுக்கிற ஒரு டாக்டரின் கிளினிக்கில் பிளைவுட் தட்டி வைத்து மறைத்தது. கேசட் சங்கதி தேனிக்கும் வந்து சேர்ந்தபின், தட்டிக்கு அந்தப்பக்கம் ஊசிக்கு உட்கார்ந்திருப்பவர்கள் இருமுவதைக்கூட நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். என்னிடம் வருகிறவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள், பிறகு வருவதையே நிறுத்தினார்கள்.

டாக்டர் நல்ல மனுஷன். ஒரு மத்தியானம் காபி வாங்கிவரச் சொல்லி என் முன்னால் வைத்துவிட்டு, ஆறும்வரை அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "கண்ணைத் தொறந்துக்கிட்டுப் பாக்குற வைத்தியம் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்கம்மா, ரூம் உங்களுக்குத்தான்."

அந்த வாரமே அறையைக் காலி செய்தேன். மாத்திரையோ ஊசியோ தேவைப்படாத இந்த வைத்தியத்துக்கு, ஒன்பது வருஷம் தேடியும் கிடைக்காமல் போனது உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவுதான்.