ஒரு நிமிடம் பிந்தி வந்த நேரலை

ஊரிலிருந்து ரயிலேறிப் பிழைக்க வந்தவர்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப்பில் எங்கள் வீட்டு டிவி ஃப்ரிட்ஜுக்கு மேலே, கூரையை ஒட்டித் தொங்குகிறது. கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஊரில் கேபிள் நடத்துகிறவர் தன் சேனலை நெட்டிலும் விடுகிறார். சர்ச்சில் போடும் அசன விருந்து, கல்யாணம், அடக்க ஆராதனை எல்லாம் எங்களுக்கு அதில்தான். நேரலை என்று எழுதியிருந்தாலும், அங்கே நடப்பது இங்கே வந்து சேர ஒரு நிமிடம் ஆகும். அது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. சொல்லவும் தோன்றியதில்லை.

பெரியம்மா இறந்தபோது அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ரயிலேற டாக்டர் விடவில்லை. கூடப்பிறந்த ஒரே அக்கா. முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். திரையில் பாதிரி ஐயர் ஜெபிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் டிவி முன்னால் எழுந்து நின்றோம். அம்மா மட்டும் கண்ணை மூடவில்லை. திரையின் அடியில் நகைக்கடை ஆடித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

கேமராக்காரர் பாடகர் குழுவையே காட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா மகனுக்கு போன் போடச் சொன்னாள் அம்மா.

"அக்கா மொவத்த ஒருக்கா காட்டச் சொல்லுல."

சொன்னேன். "பெட்டிய மூடியாச்சிடே. தூக்கப் போறோம்" என்றான் அண்ணன் என் காதுக்குள்.

அதே நேரம் டிவியில் பெரியம்மாவின் முகம் வந்தது. மூக்கில் பஞ்சு, நெற்றியோரம் மல்லிகை. அம்மா கைப்பிடியை ஊன்றி எழப் பார்த்தாள்.

"காட்டிட்டான். நல்லா இருப்பான். ரெண்டு நிமிசம் மூடாம இருக்கச் சொல்லு."

நான் போனில், "ரெண்டு நிமிஷம் மூடாதீங்க" என்றேன். அண்ணன் என்னவென்று கேட்டான். திரும்பவும் அதையே சொன்னேன்.

திரையில் நான்கு பேர் மூடியைத் தூக்கி வைத்தார்கள்.

"நீ சரியாச் சொல்லல" என்றாள் அம்மா.

இப்போதும் யாராவது துக்கம் விசாரிக்க வந்தால், மகன் சரியாகச் சொல்லவில்லை என்றுதான் சொல்கிறாள். நான் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.