எட்டு மார்க்கில் என் பங்கு

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனால் பின்னக் கணக்கில் இன்றைக்கும் என்னை யாரும் அசைக்க முடியாது.

ஏழாவதில் அப்படி இல்லை. கணக்கு என்றாலே எனக்கு ஆகாது. கணக்கில் கோட்டைவிட்ட அக்காவை அப்பா இறால் உரிக்க அனுப்பியிருந்தார். "இந்த தபா மார்க் வர்லன்னா நீயும் அக்கா கூட கெளம்பு" என்று எனக்கும் சொல்லியாகிவிட்டது. அவர் சொன்னால் சொன்னதுதான்.

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் பள்ளிக்கு அந்த வருடம் செங்கல்பட்டிலிருந்து புதிதாக ஒரு கணக்கு டீச்சர் வந்தார். பரீட்சை மட்டும் போதாது, குழுவாகச் செய்வதற்கும் மார்க் உண்டு என்று எங்களை ஐந்தைந்து பேராகப் பிரித்தார். காகிதத்தை மடித்து, அரை, கால் என்று வண்ணம் தீட்டிச் சார்ட்டில் ஒட்ட வேண்டும். எங்கள் குழுவில் ஒருத்தி காய்ச்சலில் வரவில்லை. ஒருத்தி சார்ட் கொண்டுவந்தாள், ஒருவன் ஸ்கெட்ச் பேனா. என் பெரியப்பா மகன் மடித்தான். நான் எழுதினேன். எதை? பக்கத்துக் குழு எழுதியதைத்தான்.

டீச்சர் பார்த்துவிட்டு, "உங்க குரூப்புக்கு எட்டு" என்றார்.

எங்கள் மீனவக் குப்பத்தில் ஒரு போட்டுக்கு மீன் கிடைத்தால் ஆளுக்கு, படகுக்கு, வலைக்கு என்று பங்கு போடாமல் யாரும் கரையை விட்டு நகரமாட்டார்கள். பெரியப்பா மகன் உடனே ஆரம்பித்தான்.

"ஆளுக்கு ஒண்ணு. சார்ட்டுதான் போட்டு, அதுக்கு ஒண்ணு. பேனா வலை, அதுக்கு ஒண்ணு."

"வராதவளுக்கு இன்னாத்துக்குடா?" என்றேன்.

"கடலுக்கு வராம ஜுரத்துல வூட்ல கெடக்குறவனுக்குப் பங்கு இல்லன்னு உங்கப்பா சொல்வாரா?"

சொல்லமாட்டார். மிச்சம் ஒரு மார்க். எழுதினவள் நான், எனக்குத்தான் என்றேன். "மடிச்சவன் இன்னா, சும்மா குந்திகினு இருந்தானா?" என்று அவன் எகிறினான். கடைசியில் அந்த ஒன்றில் எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி.

நிமிர்ந்தால் டீச்சர் நிற்கிறார்.

"உன் பங்கு எவ்வளவு?"

"ஒன்றரை, டீச்சர்."

"எட்டுல அது எத்தனை பாகம்?"

முந்தின நாள் இதே மாதிரிக் கேள்விக்குக் கரும்பலகை முன்னால் நின்று அழுதவள் நான். இப்போது மார்க் போகிற பதற்றத்தில், "பாதி பாதியா வெட்னா பதினாறு துண்டு டீச்சர். அதுல மூணுதான் என்னுது. ரொம்பக் கம்மியா கீது" என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டு போனார். சண்டைக்காரி என்று எழுதியிருப்பார் என நினைத்துக்கொண்டேன்.

மார்க் வந்தபோது எனக்கு முழுதாக எட்டு. பெரியப்பா மகனுக்கும் எட்டு. எட்டைப் பங்கு போட்டால் ஆளுக்கு எட்டு எப்படி வரும்? கணக்கு டீச்சருக்கே கணக்கு தப்பிவிட்டது! யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்றிலிருந்து அவர் தினமும் என்னை எழுப்பி, வலை, பங்கு, கூடை என்றே கணக்குக் கேட்டார். கேட்கக் கேட்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அந்த எட்டைத்தான் சரிபார்க்கிறார் என்றே நினைத்தேன்.

வருடக் கடைசியில் அவருக்கு மாற்றல் வந்தது. வகுப்பே அழுதது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் பஸ் கிளம்பியதும் பெரிய நிம்மதி. இனி என்னிடம் யாரும் அந்த எட்டு மார்க்கைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.